ஹோம் தியேட்டர் இணைப்புகளுக்கு எந்தக் கேபிளை, எந்தக் கணக்கில் தேர்ந்தெடுப்பது?

புதுக்கூடம்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் அறையை ஹோம் தியேட்டருக்கென ஒதுக்கியிருக்கிறேன். சுவர்ப் பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் கேபிள்களை முடிவு செய்து பைப்புகளைப் பதித்துவிட வேண்டும். என்னிடம் இருப்பவை: விநாடிக்கு 120 பிரேம் காட்டும் 4கே டிவி, ஏவி ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் கருவி), அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே பிளேயர், கேம் கன்சோல், 8 ஓம் ஸ்பீக்கர்கள் ஐந்து, தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபர். ரிசீவர் டிவிக்குக் கீழேயே அலமாரியில் இருக்கும் என்பதால் அங்கே 2 மீட்டர் கேபிள் போதும். முன் ஸ்பீக்கர்களுக்கு 3 மீட்டரும், சுவரோரமாகச் சுற்றிப் போகும் பின் ஸ்பீக்கர்களுக்கு 12 மீட்டரும் தேவைப்படும். பிற்காலத்தில் ஒரு புரொஜெக்டரை வைக்க நினைக்கிறேன். அதற்கான வழி 11 மீட்டர் வருகிறது.

கேபிள் விற்பவர், படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் ஹெச்டிஎம்ஐ கேபிளில் விலை கூடினதைப் போட்டால் நிறம் ஆழமாகத் தெரியும் என்றும், எல்லா ஸ்பீக்கர் ஒயர்களும் ஒரே நீளமாக இருந்தால்தான் ஒலி ஒரே நேரத்தில் வந்து சேரும் என்றும் அழுத்தமாகச் சொல்கிறார். இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது என்பதைக் காரணத்தோடு தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒருமுறை சுவரை மூடிவிட்டால் மறுபடி உடைக்க முடியாது.

அலைவரிசை:

நீங்கள் பூச்சுக்கு முன்பே கேட்டது நல்லது. ஹெச்டிஎம்ஐயை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் ஒயரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கேபிள் வாங்கும்போது "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று கேட்காதீர்கள். பதிப்பு எண் என்பது கருவிகளுக்கு உரியது. கேபிளுக்கு உரியது வேக வகை. விநாடிக்கு 10.2 ஜிகாபிட் வரை தாங்குவது ஹை ஸ்பீடு, 18 ஜிகாபிட் வரை தாங்குவது பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 ஜிகாபிட் வரை தாங்குவது அல்ட்ரா ஹை ஸ்பீடு. 2025இல் வந்த 2.2 பதிப்போடு 96 ஜிகாபிட் வகையும் சேர்ந்திருக்கிறது என்றாலும், உங்களிடம் இருக்கும் எந்தக் கருவிக்கும் அது தேவையில்லை.

இனி உங்கள் கருவிகளைப் பார்ப்போம். ப்ளூ-ரேயில் வரும் திரைப்படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம் கொண்டவை. 4கே, 24 பிரேம், 10 பிட் (நிற நுணுக்கத்தின் அளவு), நிறத்தைக் குறைக்காமல் முழுமையாக அனுப்பினால்கூட ஏறத்தாழ 11.1 ஜிகாபிட்தான் ஆகும். 60 பிரேம், 8 பிட் என்றால் 17.82 ஜிகாபிட், பிரீமியம் வகைக்கு 18 என்ற எல்லை வைத்திருப்பதன் பொருள் இந்த எண்ணைப் பார்த்தாலே விளங்கும். ஆக, பிளேயரிலிருந்து ரிசீவருக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு கேபிளே தாராளம். கன்சோல் 4கேயில் 120 பிரேம் அனுப்பும்போது 18 என்ற எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், கன்சோலிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து டிவிக்கும் போகிற இரண்டு கேபிள்களும் அல்ட்ரா ஹை ஸ்பீடாக இருக்க வேண்டும். இடையில் ரிசீவர் இருப்பதால், அதன் சாக்கெட்டுகளும் அந்த வேகத்தைக் கடத்துமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பல ரிசீவர்களில் எல்லா சாக்கெட்டுகளும் ஒரே திறன் கொண்டவை அல்ல.

நிறம் ஆழமாகத் தெரியும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. கேபிளில் போவது எண்கள். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது படம் சில நொடிகள் அணைந்து வரும், அல்லது வரவே வராது. கறுப்பு கொஞ்சம் வெளுப்பது, சிவப்பு கொஞ்சம் கூடுவது என்பதெல்லாம் பழைய அனலாக் காம்பொனென்ட் கேபிள்களில் நிகழக்கூடியவை. ஹெச்டிஎம்ஐயில் அப்படி மெதுவாக மங்குகிற வழியே கிடையாது. நிறம் மாறித் தெரிந்தால் டிவியின் பட அமைப்பைப் பாருங்கள், கேபிளை அல்ல.

எனவே விலையைப் பார்க்க வேண்டாம், சான்றிதழ் முத்திரையைப் பாருங்கள். அல்ட்ரா ஹை ஸ்பீடு வகையின் பெட்டியில் க்யூஆர் குறியீட்டுடன் ஒரு முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அதற்குரிய செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தக் கேபிள் எந்த நீளத்தில் சோதிக்கப்பட்டது என்பது தெரியும். நீளத்தைக் கவனியுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரே பெயரில் வரும் 2 மீட்டர் கேபிள் தேறியிருக்கலாம், 5 மீட்டர் கேபிள் தேறாமல் இருக்கலாம்.

செம்பிழை:

ஸ்பீக்கர் ஒயரைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே முக்கியமானது ஒன்றுதான், அது மின்தடை. மின்தடையைத் தீர்மானிப்பவை மூன்று: செம்பின் தடிமன், ஒயரின் நீளம், அது உண்மையிலேயே செம்புதானா என்பது.

போகவும் வரவும் ஆகிற மொத்தத் தடை, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். அந்த எல்லையில்கூட ஒலி அரை டெசிபெல்லுக்கும் குறைவாகவே இறங்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மில்லி ஓம். உங்கள் பின் ஸ்பீக்கருக்குப் போக 12, வர 12 எனப் பெருக்கினால் 0.28 ஓம் வருகிறது, அதாவது 3.4 சதவீதம். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.17 ஓம், 2 சதவீதத்தை ஒட்டி வரும். முன் ஸ்பீக்கர்களின் 3 மீட்டருக்கு 1.5 போட்டாலே ஒரு சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 1.5 போதுமே என்று தோன்றலாம். நான் பின் ஸ்பீக்கர்களுக்கு 2.5 போடவே சொல்வேன். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர், சில அலைவெண்களில் 5, 6 ஓம் வரை இறங்கும். நாளைக்கு நீங்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு மாறினால், அதே 0.28 ஓம் 7 சதவீதமாகிவிடும். ஒயரோ சுவருக்குள் இருக்கும். கேஜ் கணக்கில் வாங்குவதானால், 16 கேஜ் என்பது 1.3 ஸ்கொயர் எம்எம்மை ஒட்டியது, 14 கேஜ் 2.1ஐ ஒட்டியது, 12 கேஜ் 3.3ஐ ஒட்டியது. கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் ஏமாறுகிற இடம். அலுமினியக் கம்பியின்மேல் செம்பை மெல்லியதாகப் பூசி விற்கிற ஒயர் ஏராளமாக இருக்கிறது. சிசிஏ என்று பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், சிலர் அதையும் போடுவதில்லை. அதே தடிமனில் அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். மேலே சொன்ன 12 மீட்டரை 1.5 சிசிஏ ஒயரில் இழுத்தால் 0.44 ஓம் அளவுக்குப் போய், எல்லையைத் தாண்டிவிடும். வாங்கும்போது சுருளைக் கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. பிறகு நுனியில் உறையை உரித்து, ஓர் இழையை மட்டும் பிரித்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம்.

ஒரே நீளம் வேண்டும் என்பது பற்றி: கேபிளில் மின்குறிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உங்கள் முன், பின் ஒயர்களுக்கு இடையிலான 9 மீட்டர் வேறுபாட்டால் ஆகும் தாமதம் 45 நானோ விநாடி. அந்த நேரத்துக்குள் காற்றில் ஒலி நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. நாற்காலியில் நீங்கள் தலையைச் சற்றே திருப்பினால் ஆகும் வேறுபாடு இதைவிடப் பல நூறு மடங்கு. மிச்ச ஒயரைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் திணிக்காதீர்கள்; ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தேவையான நீளம், முனையில் கொஞ்சம் கையிருப்பு, அவ்வளவு போதும்.

செவிநுகர்:

மேலே இருவரும் சொன்ன கணக்குகளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் "கேபிளால் ஒலியில் எந்த வேறுபாடும் வராது" என்று ஒட்டுமொத்தமாக முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் இசைத்தட்டு கேட்பவன். டர்ன்டேபிளில் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்) வைத்திருப்பவர்களுக்கு, அதற்கும் போனோ ஆம்பிளிஃபயருக்கும் இடையிலுள்ள கேபிளின் மின்தேக்கத் திறன் உண்மையிலேயே மேல்சுருதி ஒலியை மாற்றும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பவர்களே அந்தத் திறன் எத்தனை பிக்கோ ஃபாரட் (அதன் அலகு) இருக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறார்கள். மின்தேக்கம் கூடிய நீளக் கேபிளைப் போட்டால் அந்த எல்லை மீறிப் போய் ஒலியின் சமநிலை கெடும். இது கற்பனை அல்ல, அளந்து பார்க்கக்கூடியது.

ஸ்பீக்கர் ஒயரை மாற்றியபோதும் எனக்கு வேறுபாடு கேட்டிருக்கிறது. அளவீட்டில் வராதது காதுக்கு எட்டலாம் அல்லவா?

செம்பிழை:

கார்ட்ரிட்ஜ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, செவிநுகர் அவர்களே. அது கேபிள் உண்மையாகவே ஒலியை மாற்றுகிற இடம். அங்கே காரணமும் தெரியும், அளவும் தெரியும். புதுக்கூடம் அவர்களின் இணைப்புகளில் டர்ன்டேபிள் இல்லை என்பதால் நான் அதைத் தொடவில்லை.

ஸ்பீக்கர் ஒயரைப் பொறுத்தவரை உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன், விடையில் மாறுபடுகிறேன். நம் காது ஒலியின் அளவில் ஏற்படும் மிகச் சிறிய ஏற்றத்தை "சத்தம் கூடியது" என்று உணர்வதில்லை. "தெளிவு கூடியது" என்றே உணர்கிறது. மெல்லிய பழைய ஒயரிலிருந்து தடித்த புதிய ஒயருக்கு மாறும்போது ஒலி சிறிது உயர்ந்தாலே தெளிவு கூடியதாகத் தோன்றும். ஒயரை மாற்ற எழுந்து போய் வருவதற்குள் முதலில் கேட்டதன் நினைவும் மங்கிவிடும். எனவே ஒப்பிடுவதென்றால் இரண்டின் ஒலி அளவையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படிச் செய்து பார்த்தும் போதிய தடிமன் கொண்ட இரண்டு செம்பு ஒயர்களை உங்களால் தொடர்ந்து இனம்காண முடிந்தால், அந்தக் கேபிளை நானும் வாங்குகிறேன்.

அறையின் எதிரொலி, ஸ்பீக்கர் நிற்கும் இடம் ஆகியவை ஏற்படுத்தும் மாற்றம் பல டெசிபெல். கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த தொகையை அங்கே செலவிட்டால் ஒருவரும் ஒளித்துவைத்துச் சோதிக்க வேண்டிய தேவை இராது. வாசலில் நிற்பவருக்கே கேட்கும்.

செவிநுகர்:

நீங்கள் சொல்லும் முறையில் நான் இதுவரை ஒப்பிட்டதில்லை. ஒலி அளவைச் சமப்படுத்தாமல் கேட்டதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பதை ஏற்கிறேன். செய்து பார்த்துவிட்டுத் தனி இழையில் எழுதுகிறேன்; இங்கே புதுக்கூடம் அவர்களின் கேள்வியை நான் திசைதிருப்ப விரும்பவில்லை.

குழாய்வழி:

நான் இந்த வேலையைத் தொழிலாகவே செய்கிறவன், எனவே சுவருக்குள் போவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எந்தக் கேபிளையும் நேரடியாகச் சிமெண்டில் புதைக்காதீர்கள். எல்லாம் பைப்புக்குள்தான் போக வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் இன்னும் முப்பது ஆண்டுக்கு மாறாது. ஹெச்டிஎம்ஐ மாறிக்கொண்டே இருக்கும். 2002இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை அதன் வேகம் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே புரொஜெக்டருக்குப் போகும் பைப் மட்டும் ஹெச்டிஎம்ஐ பிளக்கின் தலை, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து, தடையில்லாமல் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். பைப்பை வாங்கும்போது ஒரு கேபிளைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். செங்கோண எல்போ வேண்டவே வேண்டாம்; நீண்ட வளைவு கொண்ட பெண்டு போடச் சொல்லுங்கள். எல்போவில் பிளக் சிக்கினால் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது.

இரண்டாவது, 11 மீட்டருக்குச் சாதாரணச் செம்புக் கேபிளில் அல்ட்ரா ஹை ஸ்பீடு எதிர்பார்க்க முடியாது. உள்ளே மின்சுற்று இல்லாத செம்புக் கேபிள்கள் அந்த வேகத்தை 5 மீட்டர் அளவைத் தாண்டித் தருவது அரிது. ஒளியிழை கொண்ட ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வழி. அதில் ஒருமுனை மூலத்துக்கு, மறுமுனை திரைக்கு என்று குறித்திருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் படம் வராது. நான் இழுப்பதற்கு முன் இரண்டு முனையிலும் நிற டேப் ஒட்டிவிட்டு, தரையிலேயே விரித்துப் பிளேயரையும் திரையையும் இணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைப்புக்குள் விடுவேன். இழுக்கும்போது பிளக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, கேபிளின் உடலில் கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடித்தால் முறியும்.

மூன்றாவது, மின்சார ஒயர் போகும் பைப்பில் இவற்றில் எதையும் சேர்த்துப் போடாதீர்கள். பாதுகாப்புக்கும் கேடு, இரைச்சலும் வரும். இரண்டும் பக்கத்தில் போக நேர்ந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் கூட்டல் குறிபோல நேராகக் கடக்கட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். சுவர் திறந்திருக்கும்போது அதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு.

புதுக்கூடம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் படம் பார்க்கும்போது ஒலி ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குத் தனியாக, ஒலியை மட்டும் கடத்தும் ஆப்டிகல் கேபிள் இழுக்க வேண்டுமா, ஹெச்டிஎம்ஐ போதுமா? ஸ்பீக்கர் ஒயரின் நுனியில் பொருத்தும் பனானா பிளக் அவசியமா?

அலைவரிசை:

ஹெச்டிஎம்ஐயே போதும், ரிசீவரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் அதே கேபிள்தான் ஒலியைத் திருப்பிக் கொண்டுவருகிறது. டிவியில் ஆர்க் அல்லது இ-ஆர்க் (ஒலி திரும்பும் வழி) என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஆப்டிகல் கேபிள் 1983இல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு. அதில் இரு சேனல் ஒலி சுருக்கப்படாமல் போகும்; 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்றால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய வடிவங்களில் போகும். தரம் இழக்காத வடிவமான டால்பி ட்ரூஹெச்டியை அதில் அனுப்ப முடியாது. 2009இல் 1.4 பதிப்போடு வந்த ஆர்க், டால்பி டிஜிட்டல் பிளஸ் வரை கடத்தும். இணையச் சேவைகளின் அட்மாஸ் ஒலி (மேலிருந்தும் கேட்கும் சூழொலி) பெரும்பாலும் அந்த வடிவில்தான் வருகிறது. 2017இல் 2.1 பதிப்போடு வந்த இ-ஆர்க் விநாடிக்கு 37 மெகாபிட் வரை தாங்குவதால் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி ஆகியவற்றையும் அப்படியே கொண்டுவரும். உங்கள் பிளேயரும் கன்சோலும் நேரடியாக ரிசீவரில் இணைவதால், டிவியின் செயலிகளுக்கு மட்டுமே இந்தத் திரும்பும் வழி தேவைப்படுகிறது. ஆர்க் இருந்தாலே குறை தெரியாது.

ஆப்டிகலை முற்றிலும் ஒதுக்க வேண்டியதும் இல்லை. அதில் மின்சாரம் போவதில்லை என்பதால், இரண்டு கருவிகளுக்கு இடையே எர்த் வழியாக வரும் இரைச்சலை அது அறவே தடுத்துவிடும். பிற்காலத்தில் அப்படி ஒரு சிக்கல் வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

செம்பிழை:

பனானா பிளக் ஒலிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. ரிசீவருக்குப் பின்னால் நெருக்கமாக இருக்கும் முனைகளில் வெறும் ஒயரை முறுக்கிச் செருகும்போது ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலே ஷார்ட் ஆகி ஆம்பிளிஃபயர் பழுதாகலாம். அலமாரிக்குள் குனிந்து டார்ச் அடித்துச் செய்கிற வேலை என்பதால் ரிசீவர் பக்கம் பனானா போடுவதே நல்லது. ஸ்பீக்கர் பக்கம் வெறும் ஒயரை இறுக்கிவிட்டால் போதும். தங்கப் பூச்சு துருவைத் தடுக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது.

எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறிப்போனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, பேஸ் எங்கே போனது என்று தெரியாமல் தேடுவீர்கள். சுவருக்குள் போன ஒயரில் எது எது என்று குழம்பினால், அதை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். நேர்முனை சரியாக இருந்தால் வூஃபரின் கூம்பு வெளியே தள்ளும், மாறியிருந்தால் உள்ளே இழுக்கும்.

வெண்திரை:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், தனியாகத் தொடங்க வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு ப்ளூ-ரேயில் ஹெச்டிஆர் (ஒளி, இருள் வேறுபாடு கூடிய) படம் போட்டால் இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன. சாதாரண ஹெச்டி படத்தில் இந்தக் குறை இல்லை. கன்சோலிலோ புள்ளி எதுவும் வருவதில்லை. ஆனால் 4கே 120 என்ற தேர்வே காட்டுவதில்லை. இரண்டுக்கும் கேபிளைத்தான் மாற்ற வேண்டுமா?

அலைவரிசை:

இரண்டும் வெவ்வேறு நோய்கள், நண்பரே. புள்ளி மின்னுவது கேபிளின் அடையாளம். ஹெச்டிக்குத் தேவைப்படும் வேகம் குறைவு என்பதால் அங்கே தப்பித்துக்கொள்கிறது; 4கே ஹெச்டிஆருக்குப் போகும்போது எல்லையில் தடுமாறுகிறது. முத்திரையுள்ள, நீளம் குறைந்த கேபிளைப் போட்டால் அது நின்றுவிடும்.

தேர்வே காட்டாதது பெரும்பாலும் கேபிளால் அல்ல. திரை தனக்கு என்னென்ன முடியும் என்று மூலக் கருவியிடம் முதலில் தெரிவிக்கிறது; அந்தப் பட்டியலில் 120 இல்லாவிட்டால் கன்சோல் அதைக் காட்டாது. டிவியின் அமைப்பில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கும் விரிவாக்கப்பட்ட சிக்னல் என்பதுபோன்ற தேர்வு தனித்தனியே இருக்கும். பல டிவிகளில் அது அணைந்த நிலையில்தான் வருகிறது. ரிசீவரிலும் அதேபோல ஒன்று இருக்கும். இரண்டையும் இயக்கிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், கன்சோலை ரிசீவர் இல்லாமல் நேரே டிவியில் செருகுங்கள். வந்துவிட்டால் குறை ரிசீவரின் சாக்கெட்டில்.

தாழ்சுரம்:

சப்வூஃபர் கேபிளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என்னுடையதில் படம் ஓடாதபோதும் "ம்ம்" என்ற முனகல் தொடர்ந்து வருகிறது. நல்ல கேபிளாக மாற்றினேன், அப்போதும் நிற்கவில்லை.

செம்பிழை:

சப்வூஃபருக்கு வேண்டியது உறையிட்ட ஒற்றை ஆர்சிஏ (நடுவில் ஒரு முள் கொண்ட வட்ட பிளக்) கேபிள். டிவி ஆன்டெனாவுக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிளின் இரு முனையிலும் ஆர்சிஏ பிளக் போட்டாலே அது சிறந்த சப்வூஃபர் கேபிள். 10 மீட்டர் போனாலும் கவலையில்லை.

உங்கள் முனகல் கேபிளின் தரத்தால் வருவதாகத் தெரியவில்லை. மாறுமின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஒலி அது. இரண்டு இடங்களில் எர்த் ஆகி, அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் சுற்றுவதால் வருகிறது. முதலில் சப்வூஃபரிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் சப்வூஃபரில் குறையில்லை. மறுபடி செருகிவிட்டு, ரிசீவர், டிவி, செட்-டாப் பாக்ஸ் ஆகியவற்றின் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அங்கேதான் நிற்கும்; அந்தக் கேபிள் வழியாக வரும் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்துவிடும். அதுவும் இல்லையென்றால், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கும்படி மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள்: பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிட்டால் முனகல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முள் உயிரைக் காக்க இருக்கிறது.

தாழ்சுரம்:

செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றியதும் நின்றுவிட்டது. ஐசொலேட்டர் வாங்கிக்கொள்கிறேன். நன்றி.

புதுக்கூடம்:

செம்பிழை அவர்கள் சொன்னபடி, வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர் ஒயரில் ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டாவது கீறலிலேயே செம்பு நிறம் போய் ஈயப் பாத்திரம்போல வெளுத்தது. பெட்டியின் மேல் "தூய செம்பு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வேறு இடத்தில் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் வாங்கினேன். சுருளைத் தூக்கும்போதே வேறுபாடு கையில் தெரிந்தது.

என் முடிவுகளை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். பிளேயருக்குப் பிரீமியம் ஹை ஸ்பீடு, கன்சோலுக்கும் டிவிக்கும் 2 மீட்டர் அல்ட்ரா ஹை ஸ்பீடு, முன்னும் பின்னும் 2.5 ஒயர், சப்வூஃபருக்கு ஆர்ஜி-6, புரொஜெக்டருக்கு 15 மீட்டர் ஒளியிழைக் கேபிளை இப்போதே வாங்கிப் பைப்பில் விட்டுவிடுவது.

குழாய்வழி:

கடைசியாகச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புரொஜெக்டரே இன்னும் வாங்காதபோது ஒளியிழைக் கேபிளை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் வாங்கும் நாளில் அதைவிட நல்லது கிடைக்கும், இதன் உத்தரவாதக் காலமும் பைப்புக்குள்ளேயே கழிந்துவிடும். இப்போதைக்கு அந்தப் பைப்பில் ஒரு நைலான் கயிற்றை இரட்டையாக விட்டு, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். ஒரு கயிறு கேபிளை இழுக்கும், மற்றது அடுத்த முறைக்கு உள்ளேயே நிற்கும். வாங்கும்போது 15 மீட்டர் வேண்டாம், 12 அல்லது 13 போதும். மிச்சத்தைச் சுருட்டிவைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பைப் பதித்து முடித்ததும், பூச்சுக்காரர் வருவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்து டேப் அளவு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரைக்கு ஆணி அடிக்க வருகிறவரிடம் முதலில் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

புதுக்கூடம்:

அப்படியே செய்கிறேன். நைலான் கயிறு எல்லா பைப்புக்கும் விடச் சொல்லிவிட்டேன்.